காலி ஆபீஸில் ஒருத்தி: ‘ஆடை’ படமும் செங்கோட்டை எல்லையும்

தென்காசியைத் தனி மாவட்டம் ஆக்கப்போறோம்னு சட்டசபையில் அறிவிப்பு வந்தது 2019 ஜூலை 18. ஊரில் பேச்செல்லாம் அதுதான். மறுநாள், ஜூலை 19, ரத்னகுமார் இயக்கி அமலா பால் நடித்த ‘ஆடை’ ரிலீஸ். பணப் பிரச்னையில் காலைக் காட்சி, பகல் காட்சி எல்லாம் ரத்தாகி, சாயங்காலத்துக்கு மேல்தான் படம் திரைக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி யோசிக்க யோசிக்க நான் வந்து நின்ற இடம் தென்காசிக்கு மேற்கே எட்டு கிலோமீட்டரில் இருக்கிற செங்கோட்டை. அது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு.

கேள்வி சின்னது. கம்மி பட்ஜெட்டில் எடுக்கிற, ஆபீஸோ பட்டறையோ கதைக்களமாக இருக்கிற காமெடிப் படத்தில் நிர்வாணம் என்ன வேலை பார்க்கிறது? கூட்டம் சேர்க்கிற வேலை என்று சட்டென்று சொல்லிவிடலாம். பாதி உண்மை. மீதிப் பாதிக்குத் தமிழில் ‘ஆடை’யை விட்டால் பக்கத்தில் வேறு நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் கதை. காமினி ஒரு டிவி சேனலில் வேலை பார்க்கிறாள். அம்மா வைத்த பெயர் சுதந்திரக்கொடி; அவளாக வைத்துக்கொண்டது காமினி. ‘தொப்பி தொப்பி’ என்று ஒரு குறும்பு நிகழ்ச்சி நடத்துகிறாள். ரோட்டில் போகிற ஆளை ஏமாற்றி, பதறவைத்து, கேமராவைக் காட்டிச் சிரிக்கிற வகை. டீமில் இவள்தான் தலை. பந்தயம் கட்டுவது இவளுக்குச் சாப்பாடு மாதிரி. அலுவலகம் அந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போகிறது. கடைசி ராத்திரி நண்பர்களோடு அங்கேயே பார்ட்டி. துணியில்லாமல் செய்தி வாசிப்பேன் என்று பேச்சு வருகிறது. (இது டைரக்டரின் கற்பனை மட்டும் இல்லை. கனடாவில் ‘நேக்கட் நியூஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி இணையத்தில் 2000 வாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. உலகச் செய்தியை நேர்த்தியாக வாசித்துக்கொண்டே உடுப்பைக் கழற்றுவார்கள். ஆபீஸ் காமெடி என்றால் அதுதான் ஆபீஸ் காமெடி.) காலையில் கண் விழித்தால் காமினி மட்டும், உடம்பில் நூல் இல்லாமல், காலிக் கட்டடத்தில்.

இங்கிருந்து படம் செய்கிற காரியம் எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. அவள் அழகாக இருக்கிறாள் என்று கேமரா சொல்வதில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்வதில்லை. ஒரு நடைமுறைப் பிரச்னையைக் கொடுக்கிறது. திரைச்சீலை கிடையாது, மேஜை விரிப்பு கிடையாது, எல்லாம் லாரியில் போயாச்சு. மிஞ்சினது டாய்லெட் பேப்பர். 2018-ல் வந்த முதல் போஸ்டரே அதுதான், பேப்பரைச் சுற்றிக்கொண்டு அலறுகிற காமினி. வெளியே போகணும், எப்படிப் போக? ஒரு சாஃப்ட்வேர்க்காரனாக எனக்கு இது பிடித்தது. கையில் இருக்கிற வசதியைக் குறைத்துக்கொண்டே போய், இப்போ என்ன செய்வே என்று கேட்கிற மாதிரி. பட்ஜெட்டுக்கும் இது தோது: ஒரே கட்டடம், ஒரே ஆள், உடை செலவு பூஜ்யம். அந்தக் காட்சிகளைப் படம்பிடிக்கும்போது உள்ளே இருந்தது 15 பேர் மட்டும்தான் என்று அமலா பால் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விஜய் கார்த்திக் கண்ணனின் ஒளிப்பதிவு நிழலையும் கோணத்தையும் வைத்தே முழுதும் சமாளிக்கிறது.

இதில் புதுசு என்ன என்று தெரிய, முன்னால் இருந்த ஏற்பாட்டைப் பார்க்கணும்.

எங்கள் பக்கம் கேரள எல்லை. நான் பி.இ. படித்த காலம், 2000-ஐ ஒட்டி. மலையாளத்தில் ஷகீலா அலை அடித்த நேரம். ‘கின்னாரத்தும்பிகள்’ 2000-ல் வந்தது. அதுவும் ஒருவகையில் வேலையிடத்துப் படம்தான், தேயிலைத் தோட்டம் கதைக்களம். இந்த மாதிரிப் படங்கள் தமிழ்நாட்டுக்கும் வந்து காலைக் காட்சியாக ஓடின. ‘பிட்டு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இப்போது இருபது வயதில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, பிலிமை அவர்கள் பார்த்ததில்லை. சென்சார் பார்த்த படம் ஒன்று. அதன் நடுவில், சென்சார் பார்க்காத வேறொரு துண்டு பிலிமை ஒட்டிக் காட்டுவது பிட்டு. அந்தத் துண்டில் வருகிற ஆட்கள் மெயின் படத்தில் இருக்கமாட்டார்கள். கதை தேயிலைத் தோட்டத்தில் நடக்கும். பிட்டு ஏதோ ஊர் லாட்ஜ் ரூமில் நடக்கும். அது முடிந்ததும் பாதித் தியேட்டர் எழுந்து போய்விடும். இந்தத் தொழில் எப்படி நடந்தது, யார் பணம் போட்டார்கள், நடித்த பெண்கள் கதி என்ன என்று தர்சனா ஸ்ரீதர் மினி ‘ரேட்டட் ஏ’ என்று முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார், 2024-ல் வந்தது. ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

நான் கவனித்த ஒற்றுமை வேறு. நம்ம ஊர்ப் படங்களில் காமெடியும் இப்படித்தான் இருந்தது. காமெடி டிராக் என்று தனியாக எழுதி, தனியாக ஷூட் பண்ணி, படத்தில் நாலு இடத்தில் சொருகுவார்கள். ஹீரோவும் காமெடியனும் சந்திக்காமலே படம் முடிந்ததும் உண்டு. ஆக, சின்னப் படத்தில் சிரிப்பும் துண்டு, நிர்வாணமும் துண்டு. இரண்டும் கதையோடு ஒட்டாமல் வெளியிலிருந்து வருவது. ‘ஆடை’ இந்த இரண்டு துண்டையும் கதைக்குள்ளேயே தைத்தது. முதல் பாதியில் ஆபீஸில் நாம் சிரித்த அதே குறும்பு, அதே பந்தயம்தான் இரண்டாம் பாதியில் அவளை அப்படி நிறுத்துகிறது.

இன்னொரு பழைய ஏற்பாடும் உண்டு. சிரிப்புக்குத் துணி இழப்பவன் ஆண். வேட்டி அவிழ்வது, டவுசர் கிழிவது, துண்டோடு தெருவில் ஓடுவது எல்லாம் ஆண் காமெடியனுக்கு. செந்தில் என்றாலே அரைக்கால் டவுசரும் பனியனும்தான் நினைவுக்கு வரும். ‘நண்பன்’ (2012) ராகிங் காட்சியில் பையன்கள் ஜட்டியோடு வரிசையில் நிற்பார்கள், தியேட்டர் குலுங்கும். ‘பி.கே.’ படத்துக்கு ஆமிர் கான் டிரான்சிஸ்டர் ஒன்றை மட்டும் மறைத்துக்கொண்டு நின்ற போஸ்டர் 2014-ல் வந்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தள்ளுபடி ஆனது. பிடிக்கலைன்னா பார்க்காதே என்கிற தொனியில் கோர்ட் சொல்லிவிட்டது. ‘ஆடை’க்குச் சென்னையில் போலீஸ் புகாரே போனது, நடிகையின் பெயரைச் சொல்லி.

குற்றாலத்துக்கு சீசனில் வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெயின் அருவியில் கம்பி கட்டி ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருப்பார்கள். ஆண்கள் பக்கம் ஜட்டி, துண்டு, உடம்பு முழுக்க எண்ணெய். பாறை மேல் குப்புறப் படுத்து மசாஜ் வாங்கிக்கொண்டு ஆயிரம் பேர் பார்க்கக் கிடப்பார்கள். அதை யாரும் நிர்வாணம் என்று நினைப்பதே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் சேலை, சுடிதார், நைட்டி, அதற்கு மேல் ஒரு துண்டு. நனைந்த பிறகு அந்தச் சேலையைத்தான் சினிமா பாட்டாக எடுத்தது. அருவி ஒன்று, தண்ணீர் ஒன்று. ஐம்பது வருஷத் தமிழ் சினிமா அருவிப் பாட்டின் இலக்கணம் அந்தக் கம்பியிலேயே இருக்கிறது.

ஆணின் நிர்வாணம் எப்போதும் சிரிப்பு மட்டும்தானா என்றால், இல்லை. பாலாவின் ‘அவன் இவன்’ (2011) முக்கால்வாசி காமெடி. ஜி.எம். குமார் நடித்த ஹைனஸ் என்ற நொடிந்துபோன ஜமீன்தார் இரண்டு திருட்டுப் பையன்களோடு சேர்ந்து கூத்தடிப்பார். கடைசியில் அவரை நிர்வாணமாக்கிச் சாட்டையால் அடித்து விரட்டிக் கொல்வார்கள். அதுவரை சிரித்த வாய் அப்படியே நின்றுபோகும். அந்தப் படம் எங்கள் பக்கத்து அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு வந்தது. சிங்கம்பட்டி ஜமீனையும் சொரிமுத்து அய்யனார் கோவிலையும் இழிவுபடுத்திவிட்டதாக ஜமீன் குடும்பம் தொடர்ந்த வழக்கு. பாலா விடுவிக்கப்பட்டது 2021-ல். பத்து வருஷம் நடந்த கேஸில் பேச்சு பெயரையும் கோவிலையும் சுற்றித்தான்.

உலக உதாரணம் ஒன்று சொன்னால் ஒப்பிட வசதி. இங்கிலாந்தில் 1997-ல் வந்த ‘தி ஃபுல் மான்டி’. பட்ஜெட் சுமார் 35 லட்சம் டாலர், வசூல் 25 கோடி டாலருக்கு மேல். ஷெஃபீல்டில் எஃகு ஆலை மூடி வேலை போன ஆறு பேர், காசுக்காக மேடையில் முழுசாக உடுப்பைக் கழற்றி ஆடப்போகிறார்கள். நம்ம ஊரில் மில் மூடினபோது யாராவது இப்படிக் கதை யோசித்திருந்தால் அடித்தே விரட்டியிருப்பார்கள்! ஆனால் அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் ஆட்டம் இல்லை. பத்திரிகையில் பெண்கள் படத்தைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறவர்களுக்குத் திடீரென்று உறைக்கும்: நாளைக்கு மேடையில் நம்ம உடம்பையும் பெண்கள் இப்படித்தானே அளப்பார்கள் என்று. அதில் ஒருத்தன் தொப்பையை மறைக்க பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். வேலை இருந்தவரைக்கும் அவனுக்குத் தன் உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. வேலை போனதும் மிஞ்சினது அதுதான். முழு நிர்வாணம் வருவது கடைசி நொடியில், முதுகுப் பக்கத்திலிருந்து, உறைந்துபோன ஒரு ஃப்ரேமாக. அவ்வளவுதான் காட்டுகிறார்கள்.

இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. ஷெஃபீல்டு ஆண்கள் தாங்களே தீர்மானித்துக் கழற்றுகிறார்கள். காமினியின் துணியைக் கழற்றியது வேறு ஒருத்தர். யார், எதற்கு என்று ‘ஆடை’ சொல்கிற விடையில்தான் நான் படத்தோடு சண்டை போடுகிறேன்.

படம் ஆரம்பிப்பது நங்கேலி கதையோடு. திருவிதாங்கூரில் மார்பை மறைக்க வரி கேட்டார்கள், சேர்த்தலையில் நங்கேலி என்ற ஈழவப் பெண் தன் மார்பை அறுத்து வாழை இலையில் வைத்துக் கொடுத்தாள் என்ற கதை. வாய்மொழியாக இருந்த இதை நம் காலத்தில் பரப்பியது ஓவியர் டி. முரளியின் படங்கள். வரலாற்று எழுத்தாளர் மனு எஸ். பிள்ளை இதற்கு ஒரு திருத்தம் சொல்கிறார்: முலைக்கரம் என்பது மறைப்பதற்கான வரி கிடையாது; கீழ்ச்சாதி ஆண்களுக்குத் தலைக்கரம் போல, அந்தச் சாதிப் பெண்களுக்கு விதித்த ஆள்வரி. அப்படிப் பார்த்தால் நங்கேலி எதிர்த்தது வரியை, அந்தச் சாதியில் பிறந்ததற்காகக் கேட்ட பணத்தை.

ஆவணங்களில் அழுத்தமாக இருப்பது தோள்சீலைக் கலகம். இதுதான் செங்கோட்டையை இதற்குள் இழுக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் சீமை, பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. தென்காசியும் குற்றாலமும் வெள்ளைக்காரனின் மதராஸ் மாகாணம். எட்டு கிலோமீட்டருக்குள் இரண்டு ராஜ்ஜியம், இரண்டு சட்டம். கலகம் நடந்தது தெற்கே, இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம், இரணியல் பக்கம். ஆனால் அரசாணை எந்த ராஜாவுடையதோ அந்த ராஜாவின் ஆட்சிதான் செங்கோட்டையிலும். 1822-லிருந்து, ரவிக்கையும் மேல்சீலையும் அணிந்த நாடார் பெண்களைச் சந்தையில், தெருவில் மறித்துக் கிழித்தார்கள். 1829-ல் மேல்சீலை போட உரிமையில்லை என்று அரசாணையே வந்தது. 1858 கடைசியில் மறுபடி கலவரம், வீடுகள் எரிந்தன. மதராஸ் கவர்னர் டிரெவெலியன் நெருக்க, 1859 ஜூலை 26-ல் மகாராஜா அறிவிப்பு. அதிலும் ஒரு கொக்கி: ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியால் மறைக்கலாம், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாது.

அந்தக் கொக்கியில்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் சமூகத்தில் மார்பைத் திறந்திருப்பது மரியாதை செலுத்தும் முறை. யார் யாருக்கு முன்னால் மேல்துணியை எடுக்கணும் என்பதற்கு ஏணிப்படி மாதிரி ஒரு வரிசை இருந்தது, ஆண்களுக்கும் இருந்தது. முதலாளியைக் கண்டதும் தோள்துண்டு இடுப்புக்கு இறங்குவது நம்ம கிராமங்களில் நேற்று வரைக்கும் பார்த்ததுதானே. உடம்பு தெரிகிறதா இல்லையா என்று யாரும் கவலைப்படவில்லை. எங்க ஆச்சி சாகிறவரைக்கும் ரவிக்கை போட்டதில்லை. அதை யாரும் ஆபாசமாகப் பார்த்ததும் இல்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்த அன்று சித்திதான் தன் ரவிக்கையைக் கொண்டுவந்து, “போட்டோக்காவது போட்டுக்கிடுங்க”ன்னு கெஞ்சினாள். ஆச்சி போட்டுக்கொண்டு, “மூச்சு முட்டுதுட்டி”ன்னு புலம்பி, ஃப்ளாஷ் அடித்த மறு நிமிஷம் கழற்றிவிட்டாள். அவளாகப் போடாமல் இருந்ததும், போடக்கூடாது என்று ஒருத்தன் கிழித்ததும் ஒன்று இல்லை. இரண்டிலும் தெரிகிற உடம்பு ஒன்றுதான்.

இதை வைத்துக்கொண்டு ‘ஆடை’யின் கடைசிப் பகுதிக்கு வாங்க. காமினியை அந்த நிலைக்கு ஆளாக்கியது நங்கேலி என்ற பெயருள்ள இளம்பெண். ‘தொப்பி தொப்பி’ குறும்பில் மாட்டி, வாழ்க்கையில் ஒரு பெரிய வாய்ப்பை இழந்தவள். அவள் கோபம் நியாயமானது. கேமராவை ஒளித்துவைத்து ஒருத்தரைப் பதறவிடுவது வன்முறை என்று அந்தப் பெண் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவள் கொடுக்கும் தண்டனை? இன்னொரு பெண்ணின் துணியை எடுத்துவிட்டு, பிறகு சுதந்திரம் என்றால் என்ன என்று பாடம் நடத்துவது. நங்கேலி என்ற பெயர் ஓர் ஏணிப்படிக்கு எதிராக நின்ற பெயர். படம் அவளை அந்த ஏணியின் மேல்படியில் ஏற்றிவிட்டது: உன் துணியை எடுக்கவோ தரவோ எனக்கு அதிகாரம் இருக்கு, நீ ஒழுங்காக நடந்தால் தருவேன். 1829 ஆணையின் தர்க்கம் இதற்கு ரொம்பத் தள்ளி இல்லை.

இவ்வளவு நேரம் நிர்வாணத்தை ஒரு நடைமுறைச் சிக்கலாக, கிட்டத்தட்டப் பாலில்லாத ஒன்றாகக் காட்டிவந்த படம், கடைசியில் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைக்கிறது. திமிர் பிடித்த பெண்ணுக்குத் தண்டனை. அதுவும் ஓர் ஆபீஸில். 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் இதற்கு ஒரு மணிநேர ஆன்லைன் வகுப்பு உண்டு. கடைசியில் பத்துக் கேள்வி, எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் டிக் அடிப்போம். காமினிக்கு நடந்ததை அந்தப் பத்துக் கேள்வியில் ஒன்றாகப் போட்டிருந்தால்கூடப் பதில் சுலபம். படத்தில் காமினி புகார் கொடுப்பதில்லை, திருந்துகிறாள்.

1996-ல் ‘பேண்டிட் குவீன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் நிர்வாணத்தைப் பற்றி ஒரு நல்ல அளவுகோல் கொடுத்தது. பூலான் தேவியை ஊர் நடுவில் நிர்வாணமாக நடத்திவரும் காட்சி பார்ப்பவனுக்கு ஆசையைத் தூண்டுவதற்கு அல்ல. செய்தவர்கள்மேல் அருவருப்பு வரத்தான் என்றது. ‘ஆடை’ முடியும்போது அருவருப்பு யார்மேல் வரணும்? தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், “இவளுக்கு வேணும்”னு சொல்லிக்கொண்டே எழுந்தார். படம் அவரை அங்கேதான் கொண்டுவந்து விட்டிருந்தது.

திருவிதாங்கூரிலிருந்து ஒரு பெண்ணைக் கதைக்கு எடுக்கணும் என்றால் வேறு இடமும் இருந்தது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்கு மலையைக் குடைந்து ரயில் போட்டு, 1904-லிருந்து பயணிகள் வண்டி ஓடுகிறது. அந்தக் கொல்லத்தில் 1915 டிசம்பரில் அய்யன்காளி ஒரு கூட்டம் போட்டார். புலையப் பெண்கள் கழுத்தில் சாதி அடையாளமாகக் கல்மாலைதான் போடணும், மார்பை மறைக்கக்கூடாது என்ற வழக்கத்தை எதிர்த்துப் பெரிநாட்டில் கலவரம் நடந்து முடிந்திருந்த நேரம். கூட்டம் நடந்தது ஒரு சர்க்கஸ் கூடாரத்தில். அய்யன்காளி மேடையிலிருந்து சொல்ல, பெண்கள் கழுத்திலிருந்த கல்மாலைகளை அங்கேயே அறுத்துப் போட்டார்கள். சர்க்கஸ் கூடாரத்துக்குள் அது குவியலாகச் சேர்ந்தது.